இரவல் பிள்ளை

கடைக்குப் போவதென்றால் மற்றவர்கள் பை எடுப்பார்கள். எதிர்வீட்டு அத்தை பிள்ளை எடுப்பாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதனால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். கதவு திறந்துதான் கிடக்கும். ஆனாலும் உள்ளே வரமாட்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, ஒரு பிள்ளையக் கொஞ்சம் துணைக்கு அனுப்புங்க" என்று அம்மாவிடம் கேட்பாள். சல்லடை இரவல் கேட்கிற அதே குரல்தான்.

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, எது வேண்டுமோ பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்வாள். நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அத்தை பெரும்பாலும் என்னைத்தான் எடுத்தாள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் சந்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு மதினி, எங்களுக்கு அத்தை. அவள் இல்லாதபோது பெண்கள் 'பிள்ளை பிடிக்கிறவ' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவள் காதிலும் அது விழுந்திருக்கத்தான் வேண்டும். குழாயடிக்கும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்பக்கம் இருந்தது எங்கள் சந்து. அறுபதுகளில் அங்கே இருந்தவர்கள் அநேகமாகத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிச் சந்து சர்ச்சுக்குப் போகும், மீதிச் சந்து தூங்கும். அத்தை வீட்டு மாமா ஒரு கிடங்குக்குத் தோல் ஏற்றுகிற லாரி ஓட்டினார். மேலே மூடாத லாரி. சந்து முனையில் அதை நிறுத்திவிட்டு அவர் இறங்கி வந்தாலே பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். அவர் சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் இருக்கும்.

அத்தை தனியாக வெளியே போகக் கூடாது என்பது மாமா வைத்த ஏற்பாடு. அதை அவர் அதட்டிச் சொன்னவரில்லை. பம்பாய் கெட்ட ஊர், கூட ஒரு பிள்ளை இருந்தால் எவனும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான் என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கை நீட்டுகிற ஆளில்லை, குடிக்கிற ஆளில்லை. சந்தில் மற்ற ஆண்களை வைத்துப் பார்க்கும்போது அவர் தங்கம் என்று பெண்களே சொன்னார்கள். வயசுப் பெண்ணைத் துணையில்லாமல் அனுப்பாத வழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. அதனால் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஆனால் அத்தைக்கு முப்பது தாண்டியிருக்கும். அவளைவிடச் சின்னவளான என் அம்மா மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு சயான் வரை ஒற்றை ஆளாகப் போய்வருவாள்.

இரவல் வாங்குவதில் அத்தை கெட்டிக்காரி. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சல்லடை வாங்கினால் அதில் ஒரு கை மாவாவது போட்டுத் தருவார்கள். அத்தை பிள்ளைக்கும் அதே முறையைக் கடைப்பிடித்தாள். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனால் திரும்பி வரும்போது என் கையில் ஒரு கொய்யாவோ, ரிப்பன் துண்டோ, பொரிகடலைப் பொட்டலமோ இருக்கும். எங்கள் வாசலில் என்னை நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்து லேசாக முன்னால் தள்ளி, "இந்தா மதினி, ஒங்க பொருளு. கேடில்லாமக் கொண்டாந்துட்டேன்" என்பாள். ஒரு நாளும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. சிரிக்காமல் சொல்வாள் என்பதால் எங்களுக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு மாமாவின் முறை வரும். லாரியிலிருந்து இறங்கியதும் அன்றைய பிள்ளையைக் கூப்பிடுவார். மடியில் உட்காரவைத்துக்கொண்டு எங்கே போனீர்கள், அத்தை யாரோடு பேசினாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று கதை கேட்பதுபோலக் கேட்பார். என் அண்ணன் பேசாததையும் பேசியதாகச் சொல்லி இரண்டு பெப்பர்மிண்ட் வாங்கிவிடுவான். எனக்கு நாக்கு புரளாது. அவர் கையையே பார்த்துக்கொண்டு "தெரியாது மாமா" என்பேன். அத்தை ஏன் என்னையே எடுத்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது, நான்தான் அவளுக்குச் செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மையாக இருக்கலாம் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வீட்டுச் சாவி எப்போதும் அத்தையின் முந்தானை முடிச்சில் இருக்கும். பெரிய பித்தளைச் சாவி. அவள் நடக்கும்போது என் காதுப்பக்கமாக வந்து இடிக்கும். ஒருமுறை குழாயடியில் யாரோ, மாமா உங்களைப் பூட்டி வைத்திருக்கிறாராமே என்று கிண்டல் செய்தார்கள். அவள் முந்தானையை எடுத்துக் காட்டி, "சாவி எங்கிட்டல்லா இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மாட்டுங்கா மார்க்கெட் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரமாட்டாள். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி நடுவில் நிற்பாள். காய்கறிப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, என் கையை மட்டும் விடாமல், கீழே போகிற வண்டிகளைப் பார்ப்பாள். லோக்கல் வண்டிகள் போனால் முகத்தில் ஒன்றும் இராது. நீளமான வண்டி ஏதாவது கல்யாண் வழியாகப் பூனா பக்கம் போனால் பிடி இறுகும். எனக்குக் கை வலிக்கும். வலிக்கிறது என்று சொன்னால் உடனே தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குவாள். பூனாவில் அவளுடைய அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். கல்யாணத்துக்கு முன் அத்தையும் அங்கேதான் அக்காவோடு தங்கி வார்டில் வேலை செய்தாளாம். அம்மாவிடம் அவள் பேசிய நாலு விஷயங்களில் மூன்று அந்த வார்டைப் பற்றித்தான் இருக்கும்.

கல்யாணமாகி வந்த பிறகு அவள் அக்காவைப் பார்க்கப் போனதே இல்லை. போக வேண்டாம் என்று மாமா சொல்லவில்லை. போய்வந்தால் ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும், அதுதான் சங்கடம். ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளை கிடைக்கும், ஒரு பகலுக்கும் கிடைக்கும். "ஒரு ராத்திரிக்கு யாரு மதினி பிள்ளை தருவா?" என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் தாரேன். இவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று என்னைக் காட்டினாள்.

அன்று சாயந்திரமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பலாப்பழத் துண்டு. சிரித்த முகம். பச்சைப்பிள்ளையை எதற்கு ராத்திரி அலையவைக்க வேண்டும், தண்ணி ஒத்துக்காமல் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். "கவலைப்படாத தங்கச்சி. ஒரு நாள் லாரியில எல்லாப் பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு அந்தப் பக்கமா நானே போறேன். அவ அக்காளையும் பாத்தமாதிரி ஆச்சு" என்றார் அம்மாவிடம். பலாப்பழம் நன்றாக இருந்தது. அந்த ஒரு நாள் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று.

லாரிப் பயணம் என்றால் எங்களுக்கு உயிர். மாசத்தில் ஒரு ஞாயிறு மாமா லாரியைக் கழுவுவார். பினாயில் ஊற்றி எவ்வளவு தேய்த்தாலும் தோலும் உப்பும் கலந்த வாடை பலகையை விட்டுப் போகாது. அதன்மேல் பாயை விரித்து, சந்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே விடுவார். ஜுஹூ கடற்கரை, பாந்த்ரா மாதா கோயில் திருவிழா, செம்பூர் தாண்டி உப்பளம் என்று எங்கேயாவது போவோம். கோலி என்கிற ஒற்றை அறைக்குள் எட்டுப் பேராகப் படுக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காற்றே போதும். நின்றுகொண்டு போவோம், கத்திக்கொண்டு போவோம். மாமா முன்னால் தனியாக ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கிளீனர் வரமாட்டான். அத்தை பின்னால் எங்களோடு இருப்பாள்.

மற்ற தாய்மார்கள் யாரும் வருவதில்லை. பிள்ளைகள் தொலைகிற அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு. சந்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அத்தை ஒருத்திதான் பொறுப்பு. மாமா கடைசியாக அவளை ஏற்றிவிட்டுப் பின்பலகையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டுவார். கொக்கி வெளிப்பக்கம். உள்ளேயிருந்து எட்டாது. பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அப்படி. மேலே முழு வானமும் திறந்து கிடக்கும், பின்னால் பலகை பூட்டிக் கிடக்கும். நாங்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்போம். கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்கிற வரை அத்தை மாமாவின் கையையே பார்ப்பாள்.

சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றக் கூடாது. அதனால் நாக்கா என்கிற சோதனைச் சாவடிகளில் வண்டி மெதுவாகும்போது மாமா கேபினை இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே நாங்கள் எல்லாரும் குந்தி உட்கார வேண்டும். அத்தை தார்ப்பாயை இழுத்து எங்கள் எல்லார் தலைக்கும் மேலே போட்டுத் தானும் உள்ளே வந்துவிடுவாள். ஒரே இருட்டு. தார்ப்பாயில் ஊறிய பச்சைத்தோல் நாற்றம் மூக்கை அடைக்கும். உள்ளே என்ன சரக்கு என்று வெளியே குரல் கேட்கும். மாமா, "சம்டா, சாப்" என்பார். தோல் என்று அர்த்தம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, மூச்சு முட்டும். அப்போது அத்தையின் கை இருட்டில் தேடிவந்து என் முதுகைத் தடவும். "வாயால மூச்சு விடு, பிள்ளே. ஒண்ணும் ஆகாது. எனக்குப் பழக்கம்" என்பாள்.

பூனாப் பக்கம் போகிற நாள் கடைசியில் வந்தது. மழைக்காலம் பாதி கழிந்திருந்தது. லோனாவ்லா வரை போய் அருவி பார்த்துவிட்டுப் பொழுதிறங்கத் திரும்பிவிடலாம் என்றார் மாமா. அங்கிருந்து பூனா இன்னும் தூரம். அக்காவைப் பார்ப்பது என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, மலை ஏறுவதே பெரிய காரியம், இன்னொரு தடவை ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். அத்தை பக்கத்தில் நின்று புளிச்சோறு கட்டுவதற்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின ஞாயிறு சர்ச்சில், பூனாவிலிருந்து வந்திருந்த ஒரு நர்சம்மாவிடம் அவள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டு நின்றாள். கூட நின்ற பிள்ளை நான்தான். மாமா கேட்டபோது வழக்கம்போலத் தெரியாது என்றேன்.

சயான், தானா, பன்வேல் எல்லாம் தாண்டி மலையடிவாரத்துக்கு முன்னால் ஒரு நாக்காவில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தோம். அத்தை என் காதில், "லோனாவ்லாவுல திரும்ப ஏறுத நேரத்துல ஒனக்கு ஒதுங்கணும்னு சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கை ஜில்லென்று இருந்தது மட்டும் தெரிந்தது.

மலை ஏறும்போது மேகம் லாரிக்குள்ளேயே வந்தது. நாங்கள் அதைப் பிடித்துத் தின்றோம். மாமா இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அருவியில் நனைந்தோம், புளிச்சோறு தின்றோம். மாமா எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கி அவர் கையாலேயே உடைத்துக் கொடுத்தார். அந்த மனிதரைக் கெட்டவர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் லாரியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார். மழை தூறத் தொடங்கியது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொன்ன பிறகு நிஜமாகவே முட்டிக்கொண்டு வந்தது. மாமா வாட்சைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் வரச் சொன்னார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பின்பக்கம் போனாள். முதலில் ஒரு மதில் ஓரத்தில் என் வேலையை முடிக்க விட்டாள். அப்புறம் திரும்பாமல் முன்பக்கமாக நடந்தாள்.

அங்கே குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றாள். அத்தையின் மூக்கு, அத்தையின் நெற்றி, தலை மட்டும் நரைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் பூனா பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இதை எதுக்குட்டி கூட்டிட்டு வந்த?"

"இது இல்லாம எறக்கிவிடமாட்டாகளே" என்றாள் அத்தை.

கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தான். பெரியம்மா அவசரமாகப் பேசினாள். பிள்ளையையும் ஏற்று, நாளைக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள். இதை இங்கேயே விட்டால் லாரிக்காரர் தேடிவந்து எடுத்துக்கொள்ளமாட்டாரா என்றாள். அத்தை இரண்டுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எனக்கு எல்லாம் விளங்கவில்லை. ஆனால் அத்தை எங்கேயோ போகப்போகிறாள், நான் குறுக்கே நிற்கிறேன் என்பது மட்டும் விளங்கிவிட்டது. பயத்தில் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்தவுக பொருளு, அக்கா. கொண்டு விட்டுட்டு வந்துருதேன்" என்றாள் அத்தை.

"போனா நீ வரமாட்ட. கொக்கியப் போட்டுருவான்."

அத்தை என்னை இழுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். பஸ் நிலையத்திலிருந்து லாரிக்குச் சரிவில் கொஞ்ச தூரம்தான். அவ்வளவு மெதுவாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது, மிட்டாய் தீர்ந்திருக்குமோ என்றும் ஒரு கவலை இருந்தது.

தூறல் வலுத்திருந்தது. மாமா லாரிக்குள் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, தார்ப்பாயைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டிருந்தார். பின்பலகை தாழ்ந்து கிடந்தது. எங்களைக் கண்டதும், "வா வா, மக்கா" என்று குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

"வெறுங்கையா அனுப்பக் கூடாதுல்லா" என்றாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

என்னைத் தூக்கி மாமாவின் கையில் கொடுத்தாள். அவர் என்னை உள்ளே இறக்கிவிட்டு, அவளுக்குக் கை கொடுக்கத் திரும்பினார். அதற்குள் அவள் பின்பலகையைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். ஒரு பக்கக் கொக்கியை மாட்டினாள். சுற்றிவந்து மறுபக்கக் கொக்கியையும் மாட்டினாள். வெளிப்பக்கம் நின்று அவள் அதைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பலகை இடுக்கு வழியாக அவள் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தன.

"இந்தாங்க. எல்லாப் பொருளும் இருக்கு. கேடில்லாமக் கொண்டு சேத்துருங்க" என்றாள் மாமாவிடம்.

திரும்பி நடந்தாள். ஓடவில்லை.

பலகை மாமாவின் நெஞ்சு உயரம்கூட இருக்காது. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். மாமாவும் எங்கேயோ போகிறார் என்று கண்டதும் கைக்குழந்தைப் பருவம் அப்போதுதான் தாண்டிய ஒன்று வீறிட்டு அவருடைய இன்னொரு காலைக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. பிறகு எல்லாரும் அழுதோம். சரிவில் நிற்கிற லாரி, மழை, இருட்டிக்கொண்டு வருகிற மலை, உள்ளே சந்தின் மொத்தப் பிள்ளைகளும். லாரி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாகப் பலகைமேல் உட்கார்ந்து அவர் பஸ்ஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி பஸ்ஸைப் பார்த்தார். அவளை ஒரு தடவை கூப்பிட்டார். கூப்பிட்டது பெயர்தான் என்று நினைக்கிறேன். அழுகைச் சத்தத்தில் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

அதன் பிறகு நான் அத்தையைப் பார்த்ததில்லை.

இறக்கத்தில் மாமா ரொம்பப் பத்திரமாக ஓட்டினார். அத்தை எப்போதும் நிற்கிற முன் மூலையில் நான் நின்றேன். நாக்கா வந்தபோது கேபினில் இரண்டு தட்டுக் கேட்டது. தார்ப்பாயை இழுத்துவிட ஆளில்லாமல் நாங்களே இழுத்துக்கொண்டோம். இருட்டில் சின்னப்பிள்ளைகளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. யாராவது ஒருத்தர் சொல்லவேண்டியிருந்தது. வாயால் மூச்சு விடுங்கள், ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். எனக்குப் பழக்கம் என்று சொல்ல வரவில்லை. வெளியே மாமாவின் குரல், "சம்டா, சாப்" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி வெகுநேரம் கழித்துச் சந்துக்கு வந்தோம். தாய்மார்கள் ஓடிவந்து அவரவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மதினி எங்கே என்ற கேள்விக்கு, அவள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, விட்டுவிட்டு வந்தேன் என்றார் மாமா. பிறகு தன் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு பூட்டியிருந்தது. பூட்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தார், விட்டுவிட்டார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார். நான் போய் விரல்களைத் திறந்தேன். சாவியின் அச்சு உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பெப்பர்மிண்டும் தரவில்லை.

அந்த வாரம் குழாயடியில் வேறு பேச்சில்லை. பிள்ளை பிடிக்கிறவள் புருஷனை விட்டுவிட்டு ஓடிவிட்டாள், தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒருத்தி என்று சந்தே கொட்டித் தீர்த்தது. அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எம் பிள்ளைய எங்கையில சேத்துட்டுத்தான் போயிருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காலையில் லாரி கழுவுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளெல்லாம் எழுந்து ஓடினோம். மாமா எங்களைக் கவனிக்கவில்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கண் சிவந்து கிடந்தது. அவரும் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒரு பிள்ளையக் கொஞ்சம் துணைக்கு அனுப்பு. பூனா வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நான் கூப்புட்டா வரமாட்டா. பிள்ளையக் கொண்டு அவ கையில குடுத்துட்டேன்னா, கொண்டாந்து விடத்தான் செய்வா. அவ கொணம் ஒனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லும்போது அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுபடி மலைக்குப் போகலாம், அத்தையைப் பார்க்கலாம் என்ற ஆசை வேறு. நான் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தேன்.

அம்மா வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"பிள்ளை வராது, அண்ணாச்சி."

"ராத்திரிக்குள்ள பத்திரமாக் கொண்டாந்து விட்டுருவேன், தங்கச்சி."

"அது தெரியும். பிள்ளை வராது."

அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளை லாரிச் சக்கரத்தில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில், குழாயடியில் அத்தையைக் கரித்துக்கொட்டியவளே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. சந்தின் அந்த முனை வரை ஒவ்வொரு வாசலிலும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒவ்வொரு வாசலிலிருந்தும் திரும்பினார். லாரியைச் சுற்றி நின்ற பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

அவர் தனியாகப் புறப்பட்டார். பின்பலகைக்குக் கொக்கி மாட்ட மறந்துவிட்டார். சந்து முனையில் திரும்புகிற வரை அது தடதடவென்று அடித்துக்கொண்டே போனது. நன்றாக இருட்டிய பிறகு மறுபடி அதே சத்தம் கேட்டது. அம்மா பருப்பு கடைந்துகொண்டிருந்தவள் மத்தை நிறுத்திவிட்டு, எட்டிப் பார்க்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். லாரி காலியாக இருந்தது.